ராகி பிஸ்கட் சுடலாம். சிவப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

“என் மருமகளுக்கு அஞ்சு மாசம் நடக்குது. ரத்தம் 9.2தான் இருக்குதுன்னு நர்சம்மா சொன்னாங்க. சிவப்பு மாத்திரை போட்டா குமட்டுதுன்னு பத்து நாளா நிறுத்திட்டா. களி, கூழ் கண்டாலே ஓங்கரிக்குது. ‘எனக்கு டீயும் பிஸ்கட்டும் போதும் அத்தை’ன்னு உக்காந்துக்கறா. எங்க கொல்லையில வெளைஞ்ச ராகி ரெண்டு மூட்டை இருக்கு. வெல்லம் போட்டு வீட்டுலயே பிஸ்கட் சுட்டுக் குடுத்தா ரத்தம் ஊறுமா? ஓவன் கிடையாது. கேஸ் அடுப்பும் வெறகடுப்பும்தான்.”

– வாசகி, பாலக்கோடு வட்டம், தர்மபுரி மாவட்டம்

கேள்வி ஒன்றுபோலத் தெரிந்தாலும் கடிதத்தில் இரண்டு இருக்கின்றன. வீட்டில் பிஸ்கட் சுட முடியுமா என்பது ஒன்று. அதனால் ரத்தம் ஊறுமா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில், தாராளமாக முடியும். இரண்டாவதற்குப் பதில், அதை மட்டும் நம்பினால் ஊறாது. அவசரமானது இரண்டாவதுதான் என்பதால் அது முதலில்.

ராகி கறுப்பாக இருப்பதாலோ என்னவோ, அதில் இரும்புச் சத்து கொட்டிக் கிடக்கிறது என்ற எண்ணம் ஊரெல்லாம் இருக்கிறது. ராகியின் உண்மையான பலம் சுண்ணாம்புச் சத்து. 100 கிராம் ராகியில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு அரிசியில் 10 மில்லிகிராம் இருந்தாலே அதிகம். ஆனால் இரும்பு, 100 கிராம் ராகியில் நாலரை மில்லிகிராம் அளவுதான். கம்பில் அதைவிடக் கூடுதல். எலும்புக்கு ராகி, ரத்தத்துக்குக் கம்பு என்று சொன்னால் ஓரளவு பொருந்தும்.

கீழே சொல்லியிருக்கும் பக்குவத்தில் நாலு பிஸ்கட் சாப்பிட்டால் 20 கிராம் ராகிதான் உள்ளே போகிறது. வெல்லம், நிலக்கடலை, கோதுமை எல்லாவற்றையும் கூட்டினாலும் அதில் உள்ள இரும்பு 2 மில்லிகிராமைத் தொடாது. தானியத்திலும் பயறிலும் இருக்கும் இரும்பு முழுவதும் உடம்பில் சேர்வதில்லை. பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே பெரிது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. தட்டு நிறைய பிஸ்கட்டை வைத்தாலும் அந்த ஒரு மாத்திரைக்கு ஈடாகாது.

9.2 என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் ரத்தசோகை. 7க்கும் 10க்கும் நடுவே இருந்தால் நடுத்தர ரத்தசோகை. மருமகள் இருப்பது இங்கேதான். 7க்குக் கீழே போனால் மாத்திரையோடு நிற்காது, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டி வரும். பிரசவத்தில் எல்லாப் பெண்களுக்கும் ரத்தம் போகும். நல்ல ரத்தம் உள்ள உடம்பு அதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே வற்றியிருக்கும் உடம்புக்கு, மற்றவர்கள் தாங்கும் அதே இழப்பே உயிருக்கு ஆபத்தாகிவிடும். குழந்தை எடை குறைந்தோ, மாதம் முடியாமலோ பிறப்பதற்கும் ரத்தசோகை ஒரு காரணம். இன்னும் நாலு மாதம் இருக்கிறது. ஒழுங்காக மாத்திரை எடுத்தால் ஏற்றிவிடலாம். அந்த நாலு மாதத்தில் பத்து நாள் ஏற்கெனவே போய்விட்டது.

வழக்கமாக நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒரு மாத்திரை வீதம் 180 நாளும், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாளும் எடுக்க வேண்டும். ரத்தசோகை இருந்தால் தினம் இரண்டு மாத்திரை என்பது அரசின் வழிகாட்டுதல். அதைச் சொல்ல வேண்டியவர் சுகாதார நிலைய மருத்துவர். வீட்டில் தாமாகக் கூட்டிக்கொள்ளவோ, குறைத்துக்கொள்ளவோ வேண்டாம். மாதம் ஒருமுறை ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஒரு கிராமாவது ஏறவில்லை என்றால், காரணம் என்ன என்று பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்கச் சொல்வார்கள். காட்டில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழுத் தொல்லை உண்டு. அது குடலில் இருந்து ரத்தத்தை உறிஞ்சும். அதனால்தான் நாலாம் மாதத்துக்கு மேல் ஒரு பூச்சி மாத்திரையும் கொடுக்கிறார்கள். அதைக் கொடுத்தார்களா என்று செவிலியரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

குமட்டலுக்கு வருவோம். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. இரும்பு மாத்திரை சிலருக்குக் குமட்டவே செய்யும். வெறும் வயிற்றில் போட்டால் சத்து நன்றாகச் சேரும், குமட்டலும் கூடும். இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது போட்டுக்கொண்டால் குமட்டல் தெரியாமலே தூங்கிவிடலாம். எலுமிச்சைச் சாற்றுத் தண்ணீரோடு போட்டால் இரும்பு கூடுதலாகச் சேரும். பாலோடும் டீயோடும் போடக் கூடாது. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துபவர்கள் உண்டு. அது இரும்பின் நிறம்தான், ஒன்றும் ஆகாது. மலச்சிக்கலுக்குக் கொய்யா, கீரை, நிறையத் தண்ணீர். இவ்வளவு செய்தும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் வேறு மருந்து மாற்றித் தருவார். தேவைப்பட்டால் இரும்புச் சத்தை டிரிப்பாக ஏற்றுவார். மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பதும், ‘போட்டேன் அத்தை’ என்று சொல்வதும் பல வீடுகளில் நடக்கிறது. மருமகளைக் குறை சொல்லிப் பயன் இல்லை. குமட்டுகிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடிகிற வீடாக இருந்தால் ஒளிக்க வேண்டியிருக்காது. இந்த வாசகியின் மருமகள் சொல்லியிருக்கிறார் என்பதே நல்ல விஷயம்.

டீதான் பெரிய சிக்கல். டீயில் உள்ள துவர்ப்பு, சாப்பாட்டில் இருக்கும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பில் சேர விடாது. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ வேண்டாம். சுண்ணாம்புச் சத்தும் இரும்புக்குக் குறுக்கே நிற்கும். கால்சியம் மாத்திரையும் சிவப்பு மாத்திரையும் ஒரே கையில் வாங்கி வருவதால், ஒரே மடக்கில் விழுங்கிவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். ராகி பிஸ்கட்டையும் இதே காரணத்தால் சிவப்பு மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. மருத்துவர் இரண்டு இரும்பு மாத்திரையும் இரண்டு கால்சியம் மாத்திரையும் எழுதியிருந்தால் நாளை இப்படிப் பிரிக்கலாம்: காலை 8 மணிக்குச் சாப்பாட்டோடு கால்சியம், 11 மணிக்கு இரும்பு, மதியம் ஒன்றரைக்குச் சாப்பாட்டோடு கால்சியம், 4 மணிக்குப் பிஸ்கட், இரவு ஒன்பதரைக்கு இரும்பு. செல்போனில் அலாரம் வைக்க வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்!

இனி பிஸ்கட்.

மாத்திரைக்குப் பதில் இல்லை என்றாலும், கடைப் பிஸ்கட்டுக்குப் பதில் இது அருமையான பண்டம். கிலோ கணக்கில் விற்கும் மலிவான பிஸ்கட்டில் பெரும்பாலும் இருப்பது மைதா, சர்க்கரை, வனஸ்பதி. பசியை அடக்கும், அவ்வளவுதான். பசி அடங்கிப்போவதால் சோறும் கீரையும் பயறும் சாப்பிட வேண்டிய வயிற்றில் இடம் இல்லாமல் போகிறது.

ராகியை முளைகட்டினால் இரண்டு லாபம். இரும்பையும் சுண்ணாம்பையும் கட்டி வைத்திருக்கும் பொருள் குறையும். மாவுக்கு இயல்பான இனிப்பு வரும், வெல்லம் குறைத்துப் போடலாம். ராகியைக் கல், மண் போக அரித்து, ஓர் இரவு ஊற வைத்து, தண்ணீர் வடித்து, வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். ஒன்றிரண்டு நாளில் மயிரிழை போல முளை வரும். அதற்கு மேல் விட வேண்டாம். வெயிலில் கலகலவென்று காயும்வரை உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்காலத்தில் இந்த வேலையையே வைத்துக்கொள்ளாமல் வெறும் ராகியை அரைத்துக்கொள்வது மேல். காய்ந்ததை வாணலியில் வாசம் வரும்வரை லேசாக வறுத்து, ஆறவிட்டு அரைக்கலாம்.

அரைக்கப் போகும் முன் மூட்டையைப் பார்க்க வேண்டும். இது விவசாயி வீட்டுக்கு மட்டுமே உரிய எச்சரிக்கை. விதைக்கு என்று மருந்து கலந்து, நிறம் ஏற்றிய விதை மிஞ்சினால் அது மிஞ்சியதாகவே இருக்கட்டும். எத்தனை முறை கழுவினாலும் சாப்பாட்டுக்கு ஆகாது. பூச்சிக்காக மாத்திரை வைத்த மூட்டைத் தானியமும் கர்ப்பிணி இருக்கும் வீட்டில் புழங்க வேண்டாம். அந்த மாத்திரையில் இருந்து வரும் வாயு ஆளையே கொல்லக்கூடியது, வீட்டுக்குள் வைக்கவே கூடாது. ராகிக்கு அது தேவையும் இல்லை. நன்றாகக் காய்ந்த ராகி வருஷக்கணக்கில் பூச்சி அண்டாமல் கிடக்கும் என்பது அந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்த செய்திதான். நிலக்கடலையிலும் கவனம் வேண்டும். சுருங்கியது, கறுத்தது, பச்சைப் பூஞ்சணம் படர்ந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு வறுத்தாலும் சுட்டாலும் போகாது. ‘ரெண்டு கசப்புக் கொட்டைதானே’ என்று அரைத்துவிடக் கூடாது. ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூடப் போடக் கூடாது.

நாற்பது பிஸ்கட்டுக்கு அளவு இது: ராகி மாவு 200 கிராம், கோதுமை மாவு 50 கிராம், வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்த நிலக்கடலை 50 கிராம், பொடித்த வெல்லம் 90 கிராம், நெய் அல்லது வெண்ணெய் 100 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய் அல்லது சுக்குப் பொடி கொஞ்சம், காய்ச்சி ஆறிய பால் மூன்று நாலு ஸ்பூன். குமட்டல் உள்ளவர்களுக்குச் சுக்கு வாசம் பிடிக்கும். சோடா உப்பைப் பேக்கிங் பவுடர் என்று நினைத்து அதே அளவு போட்டால் சோப்புப் போல அடிக்கும். சோடா உப்பு மட்டும்தான் இருக்கிறது என்றால் இரண்டு சிட்டிகையும், பாலுக்குப் பதில் புளித்த தயிரும் போதும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் சோடா உப்பை விட்டுவிடலாம்; பிஸ்கட் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், கெட்டுப்போகாது.

நெய்யையும் வெல்லத்தையும் உள்ளங்கையால் தேய்த்துக் குழைக்க வேண்டும். வெல்லக் கட்டி இருந்தால் சுடும்போது அந்த இடம் கருகும். மாவுகளைப் பேக்கிங் பவுடரோடு சலித்துச் சேர்த்து, பாலைத் தெளித்துத் திரட்ட வேண்டும். சப்பாத்தி மாவு போல அடித்துப் பிசையக் கூடாது. கால் மணி நேரம் மூடி வைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, விரலால் தட்டிக்கொள்ளலாம். ராகியில் கோதுமையைப் போல இழுவைப் பசை இல்லை, ஓரம் வெடிக்கும். அது குற்றம் அல்ல. ராகி மட்டும் போட்டு ரொட்டி உப்ப வைக்க முடியாததும் இதனால்தான். பிஸ்கட்டுக்கு உப்ப வேண்டிய அவசியம் இல்லை.

ஓவன் இல்லாக் குறையை ஒரு பழைய அடிகனமான பாத்திரம் தீர்த்துவிடும். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சலித்த, நன்றாகக் காய்ந்த மணல். அதன்மேல் ஒரு பிரிமணை போன்ற இரும்பு வளையம். இறுக்கமான மூடி போட்டு, நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் சூடேற்ற வேண்டும். நெய் தடவிய தட்டில் பிஸ்கட்டை இடைவெளி விட்டு அடுக்கி உள்ளே இறக்கி, தீயைச் சிறிதாக்கி இருபது நிமிடம் விடலாம். நடுவில் திறந்து திறந்து பார்த்தால் சூடு போய்விடும். குக்கரில் ரப்பரையும் விசிலையும் எடுத்துவிட்டுச் செய்பவர்கள் உண்டு. தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் குக்கரின் அடி வளைந்துவிடும், பிறகு சோறு வைக்க அது உதவாது. பழைய பாத்திரமே போதும்.

விறகடுப்பில் செய்தால் எரியும் கொள்ளியை வெளியே இழுத்துவிட்டு, கங்கில் வைத்து, மூடியின் மேலும் நாலு கங்கு போட்டால் மேலும் கீழும் சமமாக வேகும். சொல்லப்போனால் கேஸைவிட இதில்தான் பிஸ்கட் நன்றாக வரும். ஆனால் அந்த அடுப்பின் முன்னால் உட்காருவது மருமகளாக இருக்கக் கூடாது. விறகுப் புகை கர்ப்பிணிக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் கெடுதல். பிள்ளையின் எடையைக் குறைக்கும். அத்தையோ மகனோ உட்காரலாம்.

வெந்ததை நிறத்தால் கண்டுபிடிக்க முடியாது, மாவே கறுப்பு. நெய் வாசம் எழும்பி, ஓரம் உறுதிப்பட்டு, அடிப்பக்கம் தட்டில் ஒட்டாமல் நகர்ந்தால் வெந்துவிட்டது. சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று திரும்ப அடுப்பில் வைத்தால் கல்லாகிவிடும். ஆறினால் தானாக மொறுமொறுப்பு வரும். காற்றுப் புகாத டப்பாவில் பத்து நாள் இருக்கும். ராகிக்குப் பதில் கம்பு மாவு போட்டால் மாவைப் புதிதாக அரைத்துக்கொள்ள வேண்டும். கம்பில் கொழுப்பு கூடுதல். அரைத்து ஒரு வாரம் ஆனால் மாவு கசந்துவிடும்.

எள் சேர்க்கலாமா, கரு கலையுமா என்ற பயம் பல வீடுகளில் உண்டு. சாப்பாட்டில் சேர்க்கும் அளவு எள்ளால் கரு கலையும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. ஆனாலும் பயந்துகொண்டே தின்பது எதற்கு? நிலக்கடலையே போதும்.

ஒரு நாளைக்கு நாலு பிஸ்கட் போதும். நாலில் ஏறக்குறைய 230 கலோரி இருக்கிறது. கர்ப்பிணிக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவைப்படுவது நாளுக்கு 350 கலோரிதான். ‘ரெண்டு உசுருக்குச் சாப்பிடு’ என்பதை இரண்டு தட்டு என்று புரிந்துகொள்ளக் கூடாது. மதியம் முருங்கைக்கீரையோ பயறோ தினம் இருக்கட்டும், கூடவே ஒரு துண்டு நெல்லிக்காய். முட்டை, மீன், ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிடுகிற வீடு என்றால் இன்னும் நல்லது. அசைவத்தில் உள்ள இரும்பு சுலபமாகச் சேரும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவை மாட்டுக்குக் கரைத்து ஊற்றாமல், ராகி மாவில் பாதி அளவு கலந்து இதே பிஸ்கட்டாகச் சுடலாம். அதில் இனிப்பு இருப்பதால் வெல்லத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பது, முகம் வீங்குவது, கண் இருட்டி விழுவது ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்கக் கூடாது. 108ஐக் கூப்பிட வேண்டும். மருந்து பற்றிய சந்தேகம் என்றால் 104இல் கேட்கலாம்.

இதே வாரத்தில் ஒட்டன்சத்திரம் பக்கத்தில் இருந்து ஒரு வாசகர், ஏழு மாதக் கர்ப்பிணியான தன் மனைவிக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள், கருப்பட்டி போட்ட ராகி பிஸ்கட் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

கூடாது. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே ரத்தத்தில் போய்ச் சர்க்கரைதான். நைசாக அரைத்த ராகி மாவும் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். ‘ராகிதானே’ என்று இரண்டு கிண்ணம் கூழ் குடிப்பவர்களுக்குச் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்பதன் விடை இதில் இருக்கிறது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் 140ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா பாடுபட்டு நடைமுறைக்குக் கொண்டுவந்த சோதனை இது. தமிழ்நாட்டில் 2007 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை செய்யப்படுகிறது. வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை என்பதால் காலை வேலையை முடித்துவிட்டுக்கூடப் போகலாம்.

அந்தப் பெண்ணுக்குக் கார பிஸ்கட் சுடலாம். ராகி 100 கிராம், பொட்டுக்கடலை மாவு 100 கிராம், நிலக்கடலைப் பொடி 50 கிராம், ஆய்ந்து பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, சீரகம், மிளகு, உப்பு, நெய் 70 கிராம், பிசையத் தயிர். சுடும் முறை அதேதான். கீரையின் ஈரத்தால் ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும், மூன்று நாளைக்கு மேல் வைக்கக் கூடாது. ஒரு வேளைக்கு இரண்டு. சாப்பிட்டபின் கால் மணி நேரம் களத்து மேட்டில் நடந்துவிட்டு வரலாம், மருத்துவர் நடக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தால் தவிர.

குழந்தை பிறந்ததும் சர்க்கரை பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். இறங்கிவிட்டதே என்று விட்டுவிடுகிறார்கள். பிரசவமான ஆறாவது வாரம் அதே சோதனையை இன்னொரு முறை எடுக்க வேண்டும். அதன்பிறகு வருஷம் ஒருமுறை. குழந்தைக்குத் தடுப்பூசி போட அந்த ஆறாவது வாரத்தில் எப்படியும் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டியிருக்கும். அன்றைக்கே தாயின் கையையும் நீட்டச் சொல்லலாம்.